காங்கிரஸ் பிளவுகள்: 1969, 1978

இரண்டு பிளவுக்கும் மையம் இந்திரா காந்திதான். ஆனால் 1969-இல் அவர் பிரதமர். 1978-இல் பதவி இழந்தவர்.

முதல் பிளவில் மூத்த தலைவர்களும் கட்சி அமைப்பும் பெரும்பாலும் எதிரணியில். அதனால்தான் காமராஜர் இருந்த அணிக்கு இங்கே 'ஸ்தாபன (அமைப்பு) காங்கிரஸ்' என்று பெயர். எம்.பி.க்களில் பெரும்பான்மை இந்திரா பக்கம். மக்களவையில் தனிப் பெரும்பான்மை போனாலும் தி.மு.க., கம்யூனிஸ்டுகள் தயவில் ஆட்சி பிழைத்தது. அந்தத் தயவுக்கு விலையும் உண்டு: 1971-இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

சின்னத்தில் கதை இன்னும் சிக்கல். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை யாருக்கு என்ற வழக்கு முடியுமுன்பே 1971 தேர்தல் வந்துவிட, இந்திரா அணிக்குப் பசுவும் கன்றும், எதிரணிக்கு ராட்டை. எந்த அணியில் ஆள் அதிகம் என்று தலையை எண்ணிச் சின்னத்தைத் தீர்ப்பதே சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது தேர்தல் முடிந்து மாதங்களாகியிருந்தன.

1978-இல் பசு-கன்றும் கைவிட்டுப்போய், கை சின்னம் வந்தது. கொடுக்கப் பதவி இல்லாத நேரத்தில் உடன் வந்தவர்களைக் கொண்டே ஆந்திராவையும் கர்நாடகத்தையும் பிடித்தார். இன்றைய காங்கிரஸின் பிறப்பு என்று நான் வைப்பது இதைத்தான்.