ஒரே ஒரு கட்டு அச்சிட்டுப் பார்க்க: மேக்பிளேயிங்கார்ட்ஸ் சேவை எப்படி?

சொந்தமாகச் சீட்டுக்கட்டு வடிவமைத்து, பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இறங்க நினைப்பவர்கள் மாதக்கணக்கில் உழைப்பது ராஜா, ராணி ஓவியங்களில்தான். கட்டு சொதப்புவதோ வேறு இடங்களில்: ஓரச் சட்டம், மூலை எண், பெட்டியின் மடிப்பு. இவை திரையில் தெரிவதில்லை, சீட்டைக் கையில் எடுத்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால் பிரசாரத்தைத் திறக்கும் முன் ஒரு கட்டாவது அச்சாகி மேசைக்கு வந்தாக வேண்டும்.

ஹாங்காங்கைச் சேர்ந்த இணையவழி அச்சுச் சேவையான மேக்பிளேயிங்கார்ட்ஸ் இந்த வேலைக்கு வசதியான இடம். குறைந்தபட்ச எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது, ஒரே ஒரு கட்டு கேட்டாலும் அச்சிட்டு அனுப்புவார்கள். பைசிக்கிள் சீட்டு தயாரிக்கும் அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி போன்ற பெரிய அச்சகங்கள் தனி வடிவமைப்புக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் எதிர்பார்ப்பவை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மாதிரிக்கட்டு எடுப்பதற்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதல் தடுக்கல் பொருளைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. போக்கர் அளவு 2.5 × 3.5 அங்குலம், அதாவது 63.5 × 88.9 மி.மீ. அதற்குப் பக்கத்திலேயே 63 × 88 மி.மீ. அளவில் கேம் கார்டு என்று இன்னொன்று உண்டு. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆனால் படக்கோப்பின் அளவு வேறு. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) போக்கருக்கு 822 × 1122 பிக்சல், கேம் கார்டுக்கு 816 × 1110. ஒன்றுக்குச் செய்த கோப்பை மற்றதில் ஏற்றினால் படம் சற்றே இழுபட்டு, கணக்குப் பார்த்து வைத்த ஓரங்கள் நகர்ந்துவிடும்.

போக்கர் கோப்பில் வெட்டுக்கோடு 750 × 1050. அதற்கு வெளியே நான்கு பக்கமும் 36 பிக்சல், ஏறக்குறைய 3 மி.மீ., வெட்டி எறியப்படும் பகுதி. பின்னணி நிறம் அதுவரை நீண்டிருக்க வேண்டும். வெட்டுக்கோட்டுக்கு உள்ளேயும் அதே 36 பிக்சல் விட்டுவிடுங்கள். எழுத்து, எண், முகம் எல்லாம் 678 × 978க்குள் அடங்கட்டும். கோப்புகளுக்கு 01, 02 என்று பெயர் வைத்தால் ஏற்றும்போது வரிசை குழம்பாது. முன்னோட்டப் பக்கத்தை அவசரமாகக் கடக்கக் கூடாது. ஒரே சீட்டு இரண்டு முறை ஏறியிருப்பதும், கீழ்மூலை எண்ணைத் தலைகீழாகத் திருப்ப மறந்ததும் அங்கேதான் பிடிபடும். 6, 9 இரண்டையும் தனியாக ஒரு முறை பாருங்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விலை படிப்படியாக ஏறும்: 18 சீட்டு வரை ஒரு விலை, பிறகு 36, 55, 72 என்று போகும். 52 சீட்டு, 2 ஜோக்கர், ஒரு விளம்பரச் சீட்டு என்றால் சரியாக 55. பெரிய அச்சகங்களின் தாளில் 56 சீட்டு இடம்பெறுவது வழக்கம் என்பதால் பலர் 56 வடிவமைத்து வைத்திருப்பார்கள். அந்த ஒற்றைச் சீட்டுக்காக 72-க்கான விலை கொடுக்க வேண்டிவரும். மாதிரிக்கு ஒன்றைக் குறைத்து 55 ஏற்றினால் போதும்.

அட்டையில் எஸ்30 என்பது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), வழவழப்பானது. எஸ்33 அதைவிடக் கனமும் விறைப்பும் கூடியது. எம்31 என்பது 310 ஜிஎஸ்எம், துணி நெசவு போன்ற மேற்பரப்பு கொண்டது. அந்த நெசவுப் பள்ளங்களில் காற்று தங்குவதால் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். கடைசியில் பைசிக்கிள் போன்ற புடைப்பு மேற்பரப்பில்தான் அச்சிடப் போகிறீர்கள் என்றால் மாதிரியை எம்31-இல் எடுப்பதே நியாயமான ஒப்பீடு. நெசவின் மேல் மெல்லிய கோடுகள் கொஞ்சம் உடைந்து தெரியும். அதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இனி ஓரச் சட்டம். வெட்டும் இயந்திரம் எந்த அச்சகத்திலும் கொஞ்சம் நகரும். பின்பக்கத்தில் 2 மி.மீ. வெள்ளைச் சட்டம் வைத்திருக்கிறீர்கள், வெட்டு 1 மி.மீ. நகர்கிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் 3 மி.மீ., எதிர்ப்பக்கம் 1 மி.மீ. என்று ஒன்றுக்கு மூன்றாகிவிடும், யார் கண்ணுக்கும் கோணல்தான். அதே நகர்வு 5 மி.மீ. சட்டத்தில் 6-க்கு 4; பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள். மெல்லிய சட்டம் அழகுதான், ஆனாலும் அதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். சட்டமே இல்லாமல் முழுக்க நிறம் விட்டால் கோணல் பிரச்சினை தீரும், வேறொன்று முளைக்கும்: கறுப்பு விளிம்புகள் குலுக்கக் குலுக்க வெள்ளையாகத் தேயும். மேலும் நகர்வு சீட்டுக்குச் சீட்டு மாறினால் பின்பக்கத்தை வைத்தே இன்ன சீட்டு என்று அடையாளம் கண்டுவிட முடியும். விளையாடும் கட்டுக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை.

மூலை எண்ணைச் சோதிக்க நம் ஊர் ரம்மியைப் போல வேறு வழியில்லை. 13 சீட்டை விசிறியாகப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் இடது ஓரம் ஒரு சென்டிமீட்டர் தெரிந்தாலே அதிகம். வெட்டுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. பாதுகாப்புக்குப் போனால் எண்ணும் சின்னமும் மீதி 7 மி.மீ.க்குள் அடங்க வேண்டும், இரண்டு இலக்கமுள்ள 10 உட்பட. சீட்டின் முகத்தைச் சுற்றி அலங்காரச் சட்டம் போட்டு, எண்ணை அதற்கு உள்ளே வைப்பது மிகப் பரவலான தவறு. தனிச் சீட்டாக அழகாக இருக்கும், விசிறியில் எண் மறைந்துவிடும். இஸ்பேடையும் கிளாவரையும் கறுப்புக்குப் பதில் அடர்நீலத்திலும், ஆட்டினையும் டைமண்டையும் அடர்பழுப்பிலும் போட்டவர்கள் மஞ்சள் விளக்கின் கீழ் நாலு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும்.

இஸ்பேட் ஆஸை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் அலங்கரிக்கலாம். இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி இருந்த காலத்தில் வரி முத்திரை நெடுங்காலம் அதில்தான் இருந்தது. அந்த வரி 1960-இல் போய்விட்டது, அலங்காரம் நிலைத்துவிட்டது. இந்தியக் கருப்பொருளில் இறங்குபவர்கள் மேக்பிளேயிங்கார்ட்ஸில் வட்டச் சீட்டும் கிடைக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 10 வகையில் 12 வீதம் 120 சீட்டு கொண்ட பழைய இந்தியச் சீட்டுக்கட்டான தசாவதார கஞ்சிபாவை வட்டமாகவே பார்ப்பதில் தனி நிறைவு உண்டு.

பெட்டியின் வார்ப்புரு சீட்டின் எண்ணிக்கைக்கும் தடிமனுக்கும் ஏற்றது. அட்டையை முடிவு செய்த பிறகே பெட்டி ஓவியத்தைத் தொடங்குங்கள். முழுக் கறுப்புப் பெட்டியின் மூடியை ஐம்பது முறை திறந்து மூடினால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிப்பு வரும் இடத்தில் இளநிறம் வைத்தால் அது உறுத்தாது.

இந்த மாதிரிக்கட்டு சொல்லாத விஷயமும் உண்டு. ஒன்றிரண்டு கட்டு என்றால் டிஜிட்டல் அச்சு, ஆயிரக்கணக்கில் போனால் ஆஃப்செட், அதாவது தகடு செய்து அச்சிடும் முறை. இரண்டிலும் நிறம் ஒன்றாக வராது. எனவே மாதிரியைப் பார்த்து நிறத்தை நுணுக்கமாகத் திருத்துவது வீண் வேலை. கறுப்புப் பின்னணியில் கரைந்துபோன அடர்நீலக் கோடு போன்ற பெரிய பிழைகளை மட்டும் சரிசெய்யுங்கள். நிறத்தைக் கடைசி அச்சகத்தின் சோதனைத் தாளில் முடிவு செய்யலாம்.

பணக்கணக்கு சுருக்கமாக. கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும். பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதமும் ஒவ்வொரு பங்களிப்புக்கு 20 சென்ட்டும் போகும். இது அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு. கட்டு 12 டாலர், அஞ்சல் 5 டாலர் என்றால் 17 டாலருக்கு 85 + 51 + 20 சென்ட், மொத்தம் 1.56 டாலர். பெட்டியோடு ஒரு கட்டு ஏறக்குறைய 100 கிராம், உறைக்கு மேலும் எடை வரும். சுங்கப் படிவத்தில் சீட்டுக்கட்டின் குறியீடு 9504.40. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான சிறு பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டதால், சீனாவிலிருந்து நேராக ஒவ்வொருவருக்கும் அனுப்பும் பழைய கணக்கு இனி உதவாது. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கும் நாடுகளில் இந்தியா இல்லை, சிங்கப்பூர் இருக்கிறது.

மாதிரிக்கு ஒன்று போதும் என்று நினைக்க வேண்டாம், இரண்டு எடுங்கள். ஒன்றை இருநூறு முறை குலுக்கி, விசிறி பிடித்து, கைபேசி விளக்கை அடியில் வைத்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்து, தேயும் வரை ஆடித் தீருங்கள். மற்றதைப் பிரசாரப் படங்களுக்காகக் கைபடாமல் வைத்திருங்கள்.