வடசென்னையில் ‘இலவச எச்டி ஆண்டெனா’ என்று விற்கும் பெட்டியை வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டையில் தனியாக வசிக்கும் என் அப்பாவிடம், பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் இரண்டு ஆண்டெனா, ஒரு ஆம்பிளிஃபயர், நான்கு ட்யூனர் (ஆண்டெனா பிடிக்கும் அலையிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்கும் பாகம்) கொண்ட பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து 11,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். அந்தப் பெட்டியின் ட்யூனரில் ஒரு சேனல்கூட வரவில்லை. இந்தியாவில் எந்த ஊரில் வைத்தாலும் வராது. அதே கடையின் துண்டறிக்கை இப்போது ராயபுரம், காலடிப்பேட்டை வரை வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

“ஐயா, மாசா மாசம் ஒரு பைசா கட்ட வேணாம், எல்லாத் தமிழ் சேனலும் எச்டில வரும், மேட்ச்சும் வரும்” என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். இதில் கலந்திருக்கும் பாதி உண்மைதான் ஆபத்தானது. முக்கியமான விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், இந்திய அணி ஆடும் சில போட்டிகளைத் தூர்தர்ஷனில் கட்டணமின்றிப் பார்த்த நினைவு எல்லா வீட்டிலும் உண்டு. அந்த நினைவை வைத்துக்கொண்டு தனியார் சேனல்களும் அப்படியே வரும் என்று நம்ப வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் தரைவழியாக, அதாவது கோபுரத்திலிருந்து நேரடியாக வீட்டு ஆண்டெனாவுக்கு, தொலைக்காட்சி ஒளிபரப்பும் உரிமை தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு மட்டுமே உள்ளது. தனியார் சேனல்கள் செயற்கைக்கோள், கேபிள், இணையம் ஆகிய வழிகளில்தான் வருகின்றன. ஆகவே மொட்டை மாடியில் எத்தனை ஆண்டெனா நட்டாலும் அவை சிக்கப்போவதில்லை, ஏனென்றால் அந்த அலையே காற்றில் இல்லை.

வீட்டில் மாட்டிக் காட்டியபோது மட்டும் எப்படிப் படம் வந்தது என்று அப்பாவிடம் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. மாட்ட வந்த பையன் தன் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பெட்டியோடு இணைத்து, செய்திச் சேனல்களின் நேரலையை இணையத்திலிருந்து ஓட விட்டிருக்கிறான். அவன் பணத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கியதும் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிட்டது. கடைக்குப் போன் செய்தால், மழை மேகம் விலகினால் சரியாகிவிடும் என்று எழுபது வயதைத் தாண்டிய மனிதரிடம் சொல்லியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆறவில்லை.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கடையின் உத்தரவாத ஸ்டிக்கரை அச்சிட்ட எழுத்துகளின் மேல் ஒட்டியிருந்தார்கள். நகத்தால் மெல்ல உரித்ததும் கீழே ‘ஏடிஎஸ்சி’ என்று இருந்தது. அது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, தென் கொரியா ஆகிய நாடுகளின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு முறை. ஒவ்வொரு சேனலுக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் உடையது. தூர்தர்ஷன் 2016இல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தொடங்கியது டிவிபி-டி2 என்ற வேறு முறை. அதற்கான அகலம் 8 மெகாஹெர்ட்ஸ், அலையில் தகவலை ஏற்றும் விதமும் வேறு. ஒன்றுக்கான ட்யூனர் மற்றதைப் படிக்காது. சேனல் தேடும் பட்டியலில் இந்தியா என்ற பெயரே இல்லை. தேடல் 2இல் தொடங்கி 36இல் முடிந்தது. இன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசைகளின் எண்கள் அவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சரியான டிவிபி-டி2 பெட்டியே கொடுத்திருந்தாலும், அந்த முறையில் தொடங்கப்பட்டது ஒரு சில தூர்தர்ஷன் சேனல்களின் சாதாரணத் தர ஒளிபரப்புதான், எச்டி கிடையாது.

இந்தப் பொருள் பிறந்த இடத்தில் அதற்கு நியாயமான பயன் உண்டு. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்கள் அனைத்தும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. அங்கே தனியார் நிலையங்களே தரைவழியாக எச்டியில் இலவசமாக ஒளிபரப்புகின்றன. இரண்டு நகரங்களுக்கு நடுவே குடியிருப்பவர் ஒவ்வொரு நகரத்தின் கோபுரத்தையும் நோக்கி ஓர் ஆண்டெனா வைக்கிறார். இரண்டையும் ஒரே கம்பியில் கோத்தால் ஒரே அலை இரு வேறு நேரங்களில் வந்து ஒன்றையொன்று கெடுக்கக்கூடும் என்பதால், சிலர் ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் தனி ட்யூனர் வைத்துக்கொள்கிறார்கள். ட்யூனர்கள் பல இருந்தால் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே வேறு சேனல்களைப் பதிவு செய்யலாம். அந்த ஊர்க் காணொளிகளைத்தான் கடையில் பெரிய திரையில் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

மாடியில் பார்த்த வேலையும் அதே லட்சணம்தான். ஓர் ஆண்டெனா காசிமேட்டுக் கடலைப் பார்க்கிறது, மற்றொன்று எண்ணூரைப் பார்க்கிறது; தூர்தர்ஷன் நிலையமோ சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில், எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. இரண்டு கேபிள்களின் செம்பு நரம்பையும் கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, ஆம்பிளிஃபயருக்குள் செருகியிருந்தார்கள். உப்புக்காற்றில் அந்த முறுக்கில் அதற்குள் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. வராத அலையை ஆம்பிளிஃபயர் கொண்டுவராது, இருக்கும் இரைச்சலைத்தான் பெருக்கும். அதற்கு மட்டும் 1,800 ரூபாய் தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “வித்த பொருளைத் திரும்ப எடுக்கிற பழக்கம் நம்ம கடையில கெடையாதுங்க” என்று பதில் வந்தது. அப்பாவிடம் அவர்கள் கொடுத்திருந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ‘எஸ்டிமேட்’ சீட்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில், 30 நாட்களுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே வகைதான். இதைச் சொன்னதும் கடைக்காரரின் குரல் இறங்கியது, பணம் மட்டும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அது பலிக்காவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு.

மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க விரும்புபவர்களுக்குப் பிரசார் பாரதியின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வரும் அதற்கு ஒரு சிறிய டிஷ்ஷும் பெட்டியும் போதும். அதிலும் எல்லாத் தமிழ் சேனலும் வரும் என்று யாராவது சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் சேனல் பட்டியலை நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே இந்த ஆண்டெனா பெட்டியை வாங்கியவர்கள் எஸ்டிமேட் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உத்தரவாத ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்பும் பின்பும் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915ஐ அழையுங்கள். வயதானவர்கள் வாங்கியிருந்தால், வீட்டில் இருக்கும் பிள்ளைகள் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் இந்த வேலையைச் செய்துகொடுங்கள்.