சைக்கிள் சங்கிலியைப் பிணைக்க இணைப்புப் பின்னா, விரைவுக் கண்ணியா?

சைக்கிளில் பின் கியர் மாற்றியை, அதாவது சங்கிலியைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் நகர்த்தும் கருவியைப் பொருத்தியாயிற்று. இனிச் சங்கிலியை இணைக்க வேண்டும். அதற்கு இரு வழிகள்: கருவியால் அழுத்திப் பொருத்தும் சிறு ஆணியான இணைப்புப் பின் (pin), அல்லது இரு பாதிகளைக் கோத்துப் பூட்டும் விரைவுக் கண்ணி (quick link). பினாங்கில் ஓட்டுபவருக்கு நான் தயங்காமல் விரைவுக் கண்ணியைத்தான் சொல்வேன். தெலுக் பஹாங் பக்கம் கடலோரமாக ஓட்டினால் உப்புக்காற்றும் மழையும் சங்கிலியை விடுவதில்லை. அடிக்கடி கழற்றிக் கழுவியாக வேண்டும்.

இணைப்புப் பின்னும் சரியாக அழுத்தினால் உறுதியானதுதான். ஆனால் அது ஒருமுறைக்கே. சென்ற மாதம் கியர் மாற்றியின் இரு சிறு உருளைகளுக்கு நடுவிலுள்ள தகட்டு நாக்கின் தவறான பக்கமாகச் சங்கிலியை நுழைத்துவிட்டேன். மிதித்ததும் கரகரவென்ற சத்தம்! இணைப்புப் பின் போட்டுப் பூட்டியிருந்ததால் சங்கிலியை வேறிடத்தில் பிரித்து, புதிய இணைப்புப் பின் வாங்கிப் போட்டேன். விரைவுக் கண்ணியாக இருந்திருந்தால் அதற்குரிய இடுக்கியோடு ஒரு நிமிட வேலை.

கண்ணியைப் பூட்டுவதும் எளிது. அதை மேல்பக்கச் சங்கிலிக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி பெடலை ஓங்கி மிதித்தால் 'டக்'கென்று உட்காரும்.

ஒன்றைக் கவனியுங்கள்: 11 வேகச் சங்கிலிக்கு (பின்னால் 11 பற்சக்கரங்கள் உள்ள சைக்கிளுக்கானது) 11 வேகக் கண்ணியே பொருந்தும். 11, 12 வேகக் கண்ணிகள் பலவற்றையும் ஒருமுறைக்கு மேல் பூட்டக் கூடாது. மறுபடி பயன்படுத்தலாம் என்று உறையில் அச்சிட்டிருப்பதையே கேட்டு வாங்குங்கள்.