உணவியலா, விளையாட்டு ஊட்டச்சத்தா: முதுகலைச் சேர்க்கைக்கு எது என்ன கேட்கிறது?

சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் உணவியல் படிப்பு இளங்கலை. ஏற்கெனவே அறிவியல் பட்டம் கையில் இருப்பவர்கள் இன்னொரு நான்காண்டுக்குத் தயங்கி, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் முதுகலைகளைத் தேடுகிறார்கள். அங்கே எழும் கேள்விதான், உணவியலா விளையாட்டு ஊட்டச்சத்தா என்பது.

எங்கள் சாய்வு உணவியல் பக்கம். உணவியல் முடித்த டயட்டீஷியன் (நோயாளிகளுக்கு உணவுமுறை வகுப்பவர்) பிறகு விளையாட்டுத் துறைக்குப் போகலாம். விளையாட்டு ஊட்டச்சத்து முதுகலையை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவமனை டயட்டீஷியன் ஆக முடியாது. ஆஸ்திரேலியாவில் விளையாட்டு டயட்டீஷியன் என்ற தகுதிக்கே முதலில் அங்கீகாரம் பெற்ற டயட்டீஷியனாக இருக்க வேண்டும்.

மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உணவியல் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது முன்தகுதிப் பாடங்களில்: உயிர்வேதியியல், மனித உடலியங்கியல்.

உணவு அறிவியல் படித்தவர் உணவு வேதியியலைக் காட்டினால் எடுபடாது. அது சமைக்கும்போதும் பதப்படுத்தும்போதும் உணவில் நடப்பதைச் சொல்வது. உணவியல் முதுகலைகள் கேட்பது உடலுக்குள் நடப்பதை: கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸ் சிதைவு), கொழுப்பு அமிலச் சிதைவு, யூரியா சுழற்சி (அம்மோனியா யூரியாவாக மாறுவது). விளையாட்டு அறிவியல் பட்டதாரிக்குச் சிக்கல் வேறு. தசை, இதயம், நுரையீரல் எல்லாம் ஆழமாகப் படித்திருப்பார். சிறுநீரகம், செரிமானம், நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்திட்டத்தில் மேலோட்டமாகவே இருக்கும். இந்தக் கண்டிப்பு நியாயமானதே. டயாலிசிஸ் நோயாளி “இளநீர் நல்லதுதானே?” என்று கேட்டால், இளநீரில் நிறைந்திருக்கும் பொட்டாசியம் உடலைவிட்டு எப்படி வெளியேறுகிறது என்று தெரியாதவர் என்ன பதில் சொல்வார்?

ஆகவே பாடத்தின் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் படித்த ஆண்டின் வாரவாரிப் பாடத்திட்டம், ஆய்வக நேரம், கிரெடிட் ஆகியவற்றைப் பல்கலைக்கழகப் பதிவகத்திலிருந்து வாங்கி இணையுங்கள். இணையத்தில் இருக்கும் இன்றைய பாடத்திட்டம் நீங்கள் படித்ததாக இருக்காது. சில இடங்களில் பத்தாண்டுக்கு மேல் பழைய படிப்பை ஏற்பதில்லை.

உணவியலில் மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். பிரிட்டனில் அது சுமார் 1000 மணி நேரம். காவல்துறை நற்சான்றிதழும் தடுப்பூசிப் பதிவும் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் கடைசி. பிறகு எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை. சேர்க்கைக் கடிதம் வந்தபின் தொடங்கினால் பயிற்சி தள்ளிப்போகும்.

விளையாட்டு ஊட்டச்சத்தின் கதவு அகலமானது. விளையாட்டு அறிவியல், உயிரியல், ஊட்டச்சத்து என எதில் பட்டம் இருந்தாலும் பரிசீலிப்பார்கள்; பிரிட்டனில் முழுநேரமாக ஓராண்டில் முடித்துவிடலாம். உடல் கொழுப்பை அறிய எட்டு இடங்களில் தோல்மடிப்பு அளப்பது, நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எப்படிக் கொடுப்பது என்பது போன்ற கைவேலையும் உண்டு. விளையாட்டு வீரர்களோடு மட்டுமே பணியாற்றுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு இது பொருந்தும். ஆனால் சிங்கப்பூரில் அப்படிப்பட்ட வேலைகள் மருத்துவமனை வேலைகளைவிட மிகக் குறைவு. அணிகளோடு நெடுநாள் இருந்தவர்கள் இதை வேறு விதமாக எடைபோடலாம்.

உடலியங்கியல் மட்டும் குறைகிறதென்றால் உணவியலைக் கைவிட வேண்டாம். அந்த ஒரு பாடத்தைத் தனியாக ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து முடிக்க வழி உண்டு. கட்டணம் கட்டும் முன், அதை ஏற்போம் என்று சேர்க்கை அலுவலகத்திடம் மின்னஞ்சலில் எழுத்துபூர்வமாக வாங்கிக்கொள்ளுங்கள்.