என்எஃப்எல் ஹெட் கோச்: வியூகப் புலியா, அணியை மேய்க்கத் தெரிந்தவரா?

ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் தோற்றுப்போன அணிகளின் உரிமையாளர்களுக்கு இதே குழப்பம்தான்: யாரை ஹெட் கோச் (தலைமைப் பயிற்சியாளர்) ஆக்குவது? பேர்போன கோஆர்டினேட்டரை (தாக்குதல் அல்லது தற்காப்பு வியூகம் வகுக்கும் உதவிக் கோச்) தூக்குவதா, மொத்த அணியையும் கட்டி இழுப்பவரைத் தேடுவதா?

எவ்வளவு சீக்கிரம் பலன்?
கோஆர்டினேட்டர்: சரியானவர் அமைந்தால் உடனே. 2016இல் 4-12 (4 வெற்றி, 12 தோல்வி) என்று கிடந்த ராம்ஸ் அணி, ஷான் மெக்வே வந்த முதல் சீசனிலேயே 11-5.
மேய்ப்பவர்: வியூகத்துக்கு இன்னொருவரை நம்ப வேண்டும். அவர் ஜொலித்தால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். 2023 சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) முடிந்த கையோடு ஈகிள்ஸ் அணி தன் இரண்டு கோஆர்டினேட்டர்களையும் இழந்தது.

அணியின் 53 வீரர்களைக் கட்டி ஆள்வது
கோஆர்டினேட்டர்: இங்கேதான் சறுக்கல். டல்லாஸில் கோஆர்டினேட்டராக இரண்டு சூப்பர் பவுல் வென்ற நார்வ் டர்னர், ஹெட் கோச்சாக மூன்று அணிகளைப் பார்த்தும் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். தற்காப்பு மேதை டிக் லெபோ சின்சினாட்டியில் 12-33. நல்ல சமையல்காரரிடம் கல்லாவையும் கொடுத்த கதை.
மேய்ப்பவர்: ஜான் ஹார்பா ஸ்பெஷல் டீம்ஸிலிருந்து (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான பிரிவு) வந்தவர். ஆண்டி ரீட் கோஆர்டினேட்டராக இருந்ததே இல்லை! இருவருமே சூப்பர் பவுல் வென்றார்கள்.

பொறுமை
இரண்டுக்கும் வேண்டும். பின்னாளில் ஹெட் கோச்சாக ஆறு சூப்பர் பவுல் வென்ற பெலிசிக்கே கிளீவ்லாந்தில் 36-44தான்.

இளம் குவார்ட்டர்பேக்கை (தாக்குதலை நடத்தும் வீரர்) வளர்க்க வேண்டுமா, தாக்குதல் கோஆர்டினேட்டரை எடுக்கலாம். ஆட்கள் இருந்தும் ஒழுங்கு இல்லாத அணியா, மேய்ப்பவர்தான் சரி.