வாட்டர்ஜெட் ரோந்துப் படகு: ஆறு வருஷம் ஓட்டியவன் புலம்பல்

போன வாரம் இடது பக்க ஜெட்டை முழுசாகக் கழற்றி மாட்டி முடித்த அன்று ராத்திரி பழைய நண்பன் ஒருவனிடமிருந்து செய்தி வந்தது. அவனும் ரோந்துப் பிரிவுதான், வேறு துறைமுகம். புதுசாக வேகப் படகு வாங்கப் போகிறார்களாம், கருத்துக் கேட்கும் குழுவில் இவனையும் போட்டிருக்கிறார்கள். “ஜெட்டா, ப்ரொப்பெல்லரா? ஆறு வருஷமா ஓட்டுறியே, ரெண்டே வரியில சொல்லு” என்றான். ஜெட் என்றால் அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் இயந்திரம், ப்ரொப்பெல்லர் என்றால் படகுக்கு வெளியே தண்ணீரில் சுற்றும் விசிறி. கேட்ட நேரம் சரியில்லை. என் வலது கையில் முழங்கை வரைக்கும் கீறல், நகத்துக்குள் கிரீஸ். ரெண்டு வரியில் நான் அனுப்பியதை இங்கே எழுத முடியாது. அதனால் கொஞ்சம் ஆறியபிறகு இதை எழுதுகிறேன்.

படகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 14 மீட்டர், அலுமினியம், ரெண்டு டீசல், ரெண்டு ஜெட், காகிதத்தில் 38 நாட் (மணிக்குச் சுமார் 70 கி.மீ.). டாங்கு பாதி, அடிப்பாகம் சுத்தம், கடல் கண்ணாடி மாதிரி என்றால் அந்த 38 வரும். ஆள், ஆயுதம், தண்ணீர், முழு டீசல் எல்லாம் ஏற்றினால் 33 வந்தாலே சந்தோஷப்படுவேன். இது எல்லாப் படகுக்கும் உள்ள கதை, குறையாகச் சொல்லவில்லை.

என் கோபமெல்லாம் அடியில் இருக்கும் அந்தக் கம்பிச் சட்டத்தின் மேல்தான். ஜெட் தண்ணீரை உறிஞ்சும் வாயில் ஒரு சட்டம் இருக்கும், குப்பை உள்ளே போகாமல் தடுக்க. பெரிய குப்பை உள்ளே போகாது, அது உண்மைதான். ஆனால் சட்டத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கு, அறுந்த வலை, கடல்பாசி, சீசனில் சொறி மீன், எதுவானாலும் வாயை அடைத்தால் போதும். முதலில் வருவது சத்தம். தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அடுத்து ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்று, மேலே போகும், படகின் வேகம் கீழே போகும். ஜெட்டுக்குள் விசிறி மாதிரி சுற்றும் இம்பெல்லருக்குப் போதுமான தண்ணீர் கிடைக்காமல் அது ஆவிக் குமிழியை அடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதுசாக வந்தவன் வேகம் குறைகிறதே என்று த்ராட்டிலை இன்னும் தள்ளுவான். தள்ளத் தள்ள மோசமாகும்.

ஒரு ராத்திரி, விளக்கில்லாமல் போன ஒரு படகை நிற்கச் சொன்னோம். நிற்கவில்லை. துரத்தி, அவர்கள் முதுகு தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டோம். டப்பாச் சத்தம் ஆரம்பித்தது. கியரை எதிர்ப்பக்கம் போட்டு இம்பெல்லரைத் திருப்பிச் சுற்றினால் தண்ணீர் பின்னாலிருந்து முன்னால் தள்ளி, ஒட்டியிருப்பதை உதறிவிடும். அப்படிச் செய்ய இருக்கிற வேகத்தையெல்லாம் விட வேண்டும். விட்டோம், சாக்கு வெளியே மிதந்தது. மொத்தம் ஒன்றரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் இருட்டு மட்டும்தான். 38 நாட் படகை ஒரு காலிச் சாக்கு நிறுத்திவிட்டது!

நியாயமாகச் சொன்னால் ப்ரொப்பெல்லரும் கயிறைச் சுற்றிக்கொள்ளும். அப்போது ஒருத்தன் கத்தியோடு தண்ணீரில் குதிக்க வேண்டும். ஜெட்டில் அது தேவையில்லை, படகுக்குள்ளேயே பின்பக்கம் ஒரு மூடி உண்டு. படகு நிற்கும்போது அந்த மூடி நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும், திறந்து கையை விட்டு எடுத்துவிடலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! விற்க வந்தவரும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். எங்கள் படகில் அந்த மூடிக்கு மேலே குறுக்காக ஒரு குழாய் போகிறது. யார் வரைந்தார்களோ, அவர்கள் கை ஒருநாளும் அதற்குள் போனதில்லை என்று சத்தியம் செய்வேன். ஒரு தோளைச் சாய்த்து, கன்னத்தை எக்ஸாஸ்ட் உறை மேல் வைத்து, பார்க்காமல் துழாவ வேண்டும். எஞ்சினை அணைத்துச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டுதான் கை விடுவேன். அந்தச் சாவியை இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை.

போன வாரம் நடந்ததும் இதுதான். நைலான் கயிறு, பெருவிரல் தடிமன். சட்டத்தின் இடைவெளியில் முனை நுழைந்து, இம்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டில் சுற்றிவிட்டது. சுற்றிய வேகத்தில் உரசி, சூடேறி, உருகி, ஆறி, கண்ணாடி வளையல் மாதிரி ஒரே வளையமாக இறுகியிருந்தது. கத்தி வழுக்கியது. கடைசியில் ஹாக்ஸா பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, விரல் நீளத்துக்கு முன்னும் பின்னும் அறுத்தேன். நாலு மணி நேரம். எடுத்துப் பார்த்தால் ஷாஃப்ட் வழியே தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் சீலும் போயிருந்தது. அதனால்தான் மொத்தமும் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த வளையத்தின் பாதி இப்போது என் மேசையில் இருக்கிறது. யாராவது வந்து ஜெட்டைப் புகழ்ந்தால் கையில் கொடுப்பேன்.

இத்தனைக்கும் இதை உண்டாக்கிய நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்டனைத் திட்ட மனசு வரவில்லை. 1950-களில் அவர் யோசித்தது கல்லும் மணலும் நிறைந்த ஆழமில்லாத ஆறுகளுக்கு. கீழே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. 1960-இல் அவருடைய ஜெட் படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீரோட்டத்திலேயே ஏறின. அந்த ஆற்றில் நைலான் வலை மிதக்கவில்லை. நம் கடலில் மிதக்கிறது, அவர் என்ன செய்வார் பாவம்.

இன்னொன்றும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேகப் படகின் வாழ்க்கை பெரும்பாலும் மெதுவாகத்தான் கழிகிறது. ரோந்து என்றால் ஊர்வது, நிற்பது, கேட்பது, மறுபடி ஊர்வது. 8, 10 நாட்டில் ஜெட் டீசலை வீணாக்கும். அந்த வேகத்தில் நல்ல ப்ரொப்பெல்லர் இதைவிட எவ்வளவோ சிக்கனம். ஜெட் தன் பெருமையைக் காட்டுவது 25 நாட்டுக்கு மேலேதான். அங்கே நாம் வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறோம்? அதுவும் அலை இருந்தால் முதலில் களைப்பது முதுகெலும்புதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் வருஷ விதி ஒன்றில், வேலையாள் உடல் வாங்கும் அதிர்வுக்கு, 8 மணி நேர வேலைக்கென்று ஒரு வரம்பு இருக்கிறது. எதிரலையில் வேகமாகப் போகும் சின்னப் படகில் அதைத் தாண்ட அத்தனை நேரமெல்லாம் வேண்டாம். எங்கள் இருக்கையில் ஷாக் அப்சார்பர் உண்டு, நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது அந்தப் பக்கெட்.

ஜெட் தண்ணீரைப் பீய்ச்சும் பின்வாய்க்குப் பின்னால் இறங்கும் வளைந்த தகடுதான் பக்கெட். பீறிடும் தண்ணீரை அது முன்பக்கம் திருப்பிவிடும். பாதி இறக்கினால் முன்னும் பின்னும் சமமாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு நின்ற இடத்தில் நிற்கும். ஸ்டீரிங்கும் அப்போது வேலை செய்யும். ரெண்டு ஜெட்டையும் எதிரெதிராக வைத்தால் படகு பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரும். இதைக் கையில் பிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிடித்தபிறகு விட முடியவில்லை.

கவிழ்ந்த ஒரு வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் மிதந்தார்கள். காற்று, மழை, தள்ளும் நீரோட்டம். அவர்கள் மேல் இடிக்கவும் கூடாது, விலகவும் கூடாது. பக்கெட்டைப் பாதியில் வைத்து, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்தி, கை நீட்டும் தூரத்தில் நிறுத்தினேன். கடைசி ஒரு மீட்டருக்கு அந்தப் பக்க எஞ்சினை அணைத்துவிட்டேன், ஏனென்றால் உறிஞ்சும் வாய் துணியையும் இழுக்கும். ஜெட் என்றால் ஆபத்தே இல்லை என்று நினைப்பது தப்பு. ஆனாலும் காலுக்குக் கீழே சுற்றும் பிளேடு இல்லை என்ற நினைப்பு எனக்கு எவ்வளவு தைரியம் தந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கிழவர் மேலே ஏறியதும் முதலில் கேட்டது, “படகு எப்படிய்யா அசையாம நிக்குது?”

இதையும் அவனுக்கு எழுதினேன். உடனே பிடித்துக்கொண்டான். “அமெரிக்கக் கடலோரக் காவல் படையே 45 அடிப் படகு 174 வாங்கினாங்க, எல்லாம் ஜெட்டு” என்றான். வாங்கினார்கள்தான். ஆனால் அலை உடையும் இடத்துக்குப் போக அதே படை வைத்திருக்கும் 47 அடி மீட்புப் படகில் இருப்பது ப்ரொப்பெல்லர். நுரைத்த தண்ணீரில் ஜெட் காற்றைக் குடித்துவிட்டுத் தள்ளும் வலுவை இழந்துவிடும். எந்தக் கடலில் நிற்கப் போகிறாய் என்று பார்க்காமல் எண்ணிக்கையைக் காட்டாதே என்றேன்.

கடைசியில் அனுப்பிய ரெண்டு வரி: ப்ரொப்பெல்லர் வாங்கு. பேச்சைக் கேட்காமல் ஜெட்தான் வாங்குவீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் நீயே சட்டையைக் கழற்றிவிட்டு அந்த மூடிக்குள் கையை விட்டுப் பார்.

“அப்போ உன் படகை மாத்தித் தரச் சொன்னா ப்ரொப்பெல்லர் கேப்பியா?” என்று திரும்பக் கேட்டான். மாட்டேன் என்று எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான், அயோக்கியப் பயல். நாளை காலை ரோந்து. புது ஹாக்ஸா பிளேடு ரெண்டை மூடிக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.