எச்சரிக்கை: 14,600 ரூபாயும் போச்சு, அப்பா வண்டியின் கார்புரேட்டரும் போச்சு

கையில் இன்னும் பெட்ரோல் நாற்றம் போகவில்லை. நேற்று சாயங்காலம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது, ராத்திரி தூக்கமே இல்லை. பழைய புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் யாரும் என்னை மாதிரி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1993 மாடல் புல்லட் 350. திருவொற்றியூரில் செய்த வண்டி. நாங்கள் இருப்பது காலடிப்பேட்டை, அது பிறந்த பாக்டரிக்கு வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தபோது வாங்கினார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுப்பேன், அவ்வளவுதான்.

ஆடி மாதம் தொல்லை ஆரம்பித்தது. வீட்டு வாசலில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். தேரடி தாண்டும்வரை ராஜா மாதிரி போகும். மூன்று, நான்கு கிலோமீட்டரில் இரண்டு தும்மல், அப்புறம் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் அப்படியே அடங்கிவிடும். ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். திரும்ப மூன்று கிலோமீட்டர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 160 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியைத் தள்ளிப் பாருங்கள், தெரியும். டேங்க் நிரம்ப இருந்தால் இன்னும் சீக்கிரம் நின்றது. அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அங்கேயே என் முட்டாள்தனம் ஆரம்பித்துவிட்டது.

போனில் வரும் குட்டி வீடியோக்களில் ஒரு ஒர்க்ஷாப்பைப் பார்த்தேன். வட சென்னையில்தான். பழைய வண்டிகளை மட்டுமே பார்ப்பார்களாம். பெயரைப் போடாதே என்று வக்கீல் நண்பன் சொல்லியிருப்பதால் போடவில்லை. வாசலில் பெரிய எழுத்தில் ‘விண்டேஜ்’ என்று போர்டு. சட்டப்படி 50 வருடத்துக்கு மேல் ஆனால்தான் விண்டேஜ், உள்ளே நின்றதில் பாதி என் வண்டியைவிட இளசு. அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். முதலாளிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். டேங்கைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அம்மீட்டரைப் பார்த்து, "இதெல்லாம் மாத்தாம வெச்சிருக்கீங்களே சார்" என்றார். பிறகு, தன் தாய்மாமன் என்ஃபீல்டு பாக்டரியில் முப்பது வருஷம் இருந்தவர் என்றும், "இந்த இன்ஜின் அவர் கைபட்டதா கூட இருக்கலாம் சார்" என்றும் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். என் கண்ணெதிரேயே அதன் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். ஒரு சிட்டிகை துருத்தூள். "பாருங்க சார், உங்க அப்பா வண்டி மூச்சு விட முடியாம தவிக்குது."

அப்பா வண்டி. அந்த வார்த்தையைப் போட்டதும் நான் விலை கேட்கவில்லை.

ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கணக்கு இது: கார்புரேட்டர் பாடியை அப்படியே வைத்து உள்ளே மட்டும் ஜப்பான் கிட் போட்டதற்கு 8,500, டேங்கை ஆசிட் ஊற்றிக் கழுவிக் கோட்டிங் கொடுத்ததற்கு 3,500, டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் 800, கூலி 1,800. மொத்தம் 14,600 ரூபாய். பில் கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘கார்ப் ஒர்க், டேங்க் ஒர்க் – 14,600’ என்று எழுதிக் கொடுத்தார். ஜிபே செய்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன்.

டோல்கேட் பக்கத்தில் வண்டி நின்றது. அதே தும்மல், அதே பத்து நிமிஷம். கூடவே புதுசாக ஒன்று: வீட்டில் நிறுத்திவைத்தால் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். காலையில் மாடிப்படி முழுக்க நாற்றம், பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டார்.

போன் செய்தேன். "புது கிட் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆகிடும்." மூன்று கிலோமீட்டருக்கு ஒரு முறை நிற்கிற வண்டியை எப்படி ஐயா 500 ஓட்டுவது? அடுத்த வாரம், "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்." அதற்கடுத்த வாரம் நேரிலேயே போனேன், முதலாளி இல்லை, பையன் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகிவிட்டு, "இப்ப பாருங்க" என்றான். நான்காவது முறை, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் சார், நாங்க என்ன பண்றது?" எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், அது நிஜம்தான். அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும்தான்.

நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். போர்டு கிடையாது, வீடியோ கிடையாது. எழுபது வயது இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டேங்க்கு ஃபுல்லா இருந்தா சீக்கிரம் நிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்தார்.

கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றி, கீழே ஒரு டப்பாவை வைத்து, டேப்பைத் திறந்துவிட்டார். பெட்ரோல் நன்றாகத்தான் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் நூல் மாதிரி மெலிந்தது. அப்புறம் சொட்டு. அப்புறம் அதுவும் இல்லை. "இப்ப பாரு தம்பி" என்று டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. கீழே பெட்ரோல் மறுபடி கொட்ட ஆரம்பித்தது.

மூடியில் காற்றுத் துளை ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். துருவும் வாஷர் தூளும் சேர்ந்து என் மூடியில் அந்தத் துளை அடைத்துக் கிடந்தது. டேங்குக்குள் வெற்றிடம் கூடக் கூட பெட்ரோல் இறங்காது, கிண்ணம் காலியாகும், வண்டி நிற்கும். பத்து நிமிஷத்தில் எங்கேயோ கசிந்து காற்று போனதும் கிளம்பும். நிரம்பிய டேங்கில் மேலே காற்றுக்கு இடம் கம்மி, அதனால் சீக்கிரம் நிற்கும். ஊசியை விட்டுக் குத்தி, ஊதினார். இரண்டு நிமிஷ வேலை. காசு வாங்கமாட்டேன் என்றார்.

14,600 ரூபாய்!

அதோடு முடிந்திருந்தால் என் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். சொட்டுகிறதே என்று கிண்ணத்தைத் திறந்தார். கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வழியை அடைக்க வேண்டிய மிதவை ஊசி சரியாக உட்காரவில்லை, அதனால்தான் பெட்ரோல் நிற்காமல் ஏறி வழிகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி. டார்ச் அடித்து டேங்கைக் காட்டினார்: கோட்டிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை, பழைய துரு அப்படியே இருக்கிறது. பிறகு கார்புரேட்டரைத் திருப்பிப் பார்த்து, "இது டூப்ளிகேட் தம்பி, வண்டியோட வந்ததில்ல" என்றார்.

நான் நம்பவில்லை. அப்பா எல்லாச் சாமானிலும் குறி போடுகிறவர், ஹார்பர் பழக்கம். கார்புரேட்டர் பாடியில் சென்டர் பஞ்ச்சால் மூன்று புள்ளி அடித்து வைத்திருந்தார், சின்ன வயதில் நான் டார்ச் பிடித்தேன். தடவித் தடவிப் பார்த்தேன். புள்ளி இல்லை.

அங்கிருந்தே ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்தேன். அதிசயமாக எடுத்தார். "உங்க வண்டியில அதுதான் சார் இருந்துச்சு." மூன்று புள்ளியைச் சொன்னேன். கொஞ்சம் மௌனம். "அப்படியே இருந்தாலும் பழசு ஸ்கிராப்ல போயிருக்கும் சார், பிஸியா இருக்கேன்." வைத்துவிட்டார். இப்போது என் நம்பரையும் பிளாக் செய்தாகிவிட்டது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. வண்டி ஓடி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், திறந்ததும் கிளம்பினால் கார்புரேட்டரைத் தொடவே விடாதீர்கள். கடையில் விடும் முன் கார்புரேட்டரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசினால் இன்னும் வேகமாக வாருங்கள்.

நாளைக்கு 1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியப் போகிறேன். கையில் இருப்பது துண்டுக் காகிதமும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான், பார்க்கலாம்.

புதுப்பேட்டை பக்கமோ, ஆன்லைனிலோ பழைய புல்லட் 350 கார்புரேட்டர் விற்பனைக்கு வந்தால், பாடியில் வரிசையாக மூன்று புள்ளி இருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள். இருந்தால் விலை பேசாமல் எனக்குச் சொல்லுங்கள். நடுப்புள்ளி சற்றுக் கோணலாக இருக்கும், நான் டார்ச்சை ஆட்டிவிட்டேன்.